மொட்டைமாடிப் படியில் அரை மணி நேரம்

"நான் போறேன்... என்னை இனிமே யாரும் தேட வேணாம். நான் இருந்தாலும் இல்லாட்டியும் உங்களுக்கெல்லாம் ஒண்ணுதானே..."

மொட்டைமாடிக்குப் போகும் படியில் உட்கார்ந்து, சுவரில் தலையைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டுமே...

மேலே தடதடவென்று சத்தம். கண்ணைத் திறந்தாள். மொட்டைமாடிக் கதவை மறைத்துக்கொண்டு ஒருவன் நின்றான். கையில் ஸ்பானர், கன்னத்தில் கிரீஸ், நெற்றியெல்லாம் மழைத்துளி. அவளைவிட அவன் கண்களில்தான் பயம் அதிகமாக இருந்தது.

"ஏங்க... எதுவா இருந்தாலும் பேசிக்கலாம். இதுக்கு மேல ஒரு படி கூட ஏறாதீங்க."

"நீங்க யாரு?"

"லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவன். மோட்டார் ரூம் மாடியிலதான் இருக்கு. நீங்க பேசினது கேட்டுச்சு... வீட்டுல யாருக்காவது போன் பண்ணட்டுமா?"

அவளுக்கு விஷயம் புரிவதற்குள் காரியம் கெட்டுவிட்டது. கீழே வருவதற்கு முன்பே அவன் லிஃப்ட் குழிக்குள் தலையை விட்டு உதவிக்குக் கூப்பிட்டிருந்தான். அந்தக் குழியில் ஒரு வார்த்தை விழுந்தால் எல்லா மாடிக்கும் கேட்கும். கீழே அவள் வேலை பார்க்கும் கண் மருத்துவமனையே படியேறி வந்தது. டாக்டர், வரவேற்பில் இருப்பவள், சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்த நோயாளிகள்கூட சுவரைத் தடவிக்கொண்டு.

"இல்லைங்க..." என்றாள் அவள். "அது கதை. நான் ஒரு புத்தகம் எழுதறேன். கையால எழுத நேரமில்ல... அதான் போன்ல பேசிப் பதிவு பண்றேன்."

யாருக்கும் சொல்லாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்த ஒரே ரகசியம், கட்டடம் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

அவள் வேலை கண் பரிசோதனை. காலையிலிருந்து மாலைவரை இருட்டறையில் உட்கார்ந்து, "இது நல்லா தெரியுதா, முன்னாடி காட்டினது நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனால் இடுப்பு ஆபரேஷன் ஆன அம்மா. அக்காவின் இரட்டை வால்கள் இரண்டு. அக்கா வேலை முடிந்து வரும்வரை அந்த வாண்டுகளுக்கு இவள்தான் எல்லாம். "சித்தி, இவன் என் காலை மிதிச்சிட்டான்" என்பதற்கும் "சித்தி, அவ என்னை முறைக்கிறா" என்பதற்கும் நடுவில் எங்கே நாவல் எழுதுவது? மிச்சம் இருப்பது மதிய இடைவேளையின் அரை மணி நேரம். படியில் உட்கார்ந்து கதையைப் பேசுவாள். ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைகள் எழுவதற்குள் தட்டச்சு செய்வாள்.

மறுநாள் காலையிலேயே கிண்டல் ஆரம்பித்துவிட்டது. "எழுத்தாளரம்மா, நாங்களெல்லாம் கதையில வர்றோமா?" சிரித்து வைத்தாள். மதியம் படிக்கு வந்தபோது அவன் அங்கே நின்றான்.

"மன்னிச்சிடுங்க. உங்க மானத்தை வாங்கிட்டேன்."

"வாங்கினதைத் திருப்பிக் குடுக்கவா முடியும்... விடுங்க."

அவன் போகவில்லை. ஸ்பானரைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணு... வீட்டை விட்டுப் போயிட்டாளா?"

அவளுக்கு என்னவோ செய்தது. இதுவரை அந்தக் கதையில் என்ன நடக்கிறது என்று யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"இன்னும் வாசல்லதான் நிக்கிறா," என்றாள்.

"மழையிலயா? பாவங்க."

அவ்வளவுதான். அன்றிலிருந்து மோட்டார் ரூமுக்குப் போகிறபோதும் வருகிறபோதும் அவன் அந்தப் படியில் நின்று பேசிவிட்டுப் போனான். மழைக்காலம் வேறு. படிக்கட்டின் சின்ன ஜன்னல் கண்ணாடியில் நீர் வழிந்தபடியே இருக்கும். அந்த மங்கின வெளிச்சத்தில் அவன் சிரிக்கும்போது கண்ணோரம் சுருங்குவதை... அவள் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவளுக்குத் தன் கண் போகிற இடம் தெரியாமல் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள். வாரம் முழுக்கப் பதிவானதைக் கேட்டால்... கதையே இல்லை. "அவ குடையாவது எடுத்தாளா?" என்று அவன் கேட்கிறான். அவள் சிரிக்கிறாள். அவன் ஏதோ சொல்கிறான். மறுபடி சிரிக்கிறாள். தன் சிரிப்பு இப்படி இருக்கும் என்பதே அவளுக்கு மறந்திருந்தது. திரும்பவும் போட்டுக் கேட்டாள்.

அப்புறம் பயம் வந்தது. அடுத்த அறையில் பிள்ளைகளோடு குறுக்கும் நெடுக்குமாகப் படுத்துத் தூங்கும் அக்காவைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அக்கா எப்படிப் பாடுவாள்... இப்போது குளியலறையில்கூட முணுமுணுப்பதில்லை. யாரும் பாடாதே என்று சொல்லவில்லை. நேரம்தான் போய்விட்டது, கொஞ்சம் கொஞ்சமாக.

மறுநாள் அவன் வந்ததும் சொல்லிவிட்டாள்.

"இங்க நிக்காதீங்க. எனக்குன்னு இருக்கறதே இந்த அரை மணி நேரம். நீங்க வந்ததிலேர்ந்து ஒரு வரி நகரல."

அவன் முகம் விழுந்தது. "சொல்லியிருந்தா நின்னிருக்க மாட்டேங்க," என்றான். "லிஃப்ட் ஓட ஆரம்பிச்சா எனக்கு இங்க வேலையில்ல. சீக்கிரமா முடிச்சுத் தர்றேன்."

வார்த்தை தவறவில்லை. அன்று மாலை மற்றவர்கள் கிளம்பின பிறகும் மேலே சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அடுத்த நாள் லிஃப்ட் ஓடியது. மருத்துவமனையில் எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மட்டும் கைகளைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

படி அவளுக்கே திரும்பக் கிடைத்தது. அமைதி. மழை. அரை மணி நேரம்... முழுசாக. பேசினாள். அடுத்த நாளும் பேசினாள். வாசலில் நின்ற பெண் ஒருவழியாகத் தெருவில் இறங்கினாள். நன்றாகத்தான் வந்திருந்தது. ஆனால் குடை எடுத்தாளா என்று கேட்க ஆள் இல்லை. அதற்குமேல் அவளால் முடியவில்லை. பேச்சை நிறுத்திவிட்டு முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எவ்வளவு அசதி... எத்தனை வருஷத்து அசதி.

கீழேயிருந்து காலடிச் சத்தம் மெதுவாக ஏறி வந்தது. அவன்தான். மூச்சு வாங்கியது. கிரீஸ் இல்லாத முகம் புதிதாக இருந்தது.

"லிஃப்ட் மறுபடி கெட்டுப்போச்சா?" என்றாள்.

"நல்லா ஓடுது."

"அப்புறம் ஏன் படியேறி வந்தீங்க?"

"லிஃப்ட் நின்னா மணி அடிக்குங்க. நீங்க பேசிட்டிருந்தா கலைஞ்சிடும்..." அவன் கீழே கையைக் காட்டினான். "ரொம்ப நேரமா அந்தத் திருப்பத்துலதான் நின்னேன். உங்க குரல் நின்னப்புறம்தான் ஏறி வந்தேன். நிக்கலைன்னா அப்படியே போயிருப்பேன். நாளைக்கு வந்திருப்பேன்."

அவள் அவனையே பார்த்தாள். அவளுடைய நேரத்தை எல்லோரும் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். கேட்காமலும் எடுத்திருக்கிறார்கள். அதற்காக வெளியே காத்து நின்றவன் இவன் ஒருத்தன்தான்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு," என்றாள். "நீங்க போனதிலேர்ந்து எனக்கு எதுவும் நல்லா இல்ல."

அவன் அசையவில்லை. சந்தேகமாக அவள் முகத்தைப் பார்த்தான், பக்கத்தில் கிடந்த போனைப் பார்த்தான்.

"இது... அந்தப் பொண்ணு சொல்றதாங்க? ஏற்கெனவே ஒரு தடவை நம்பி ஊரைக் கூட்டினவன் நான்."

அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. போனை எடுத்து அணைத்து, படியில் கவிழ்த்து வைத்தாள்.

"அவ இல்ல. நான் சொல்றேன்."

அவன் ஒரு படி கீழே உட்கார்ந்தான். "எனக்கு அன்னைக்கே பிடிச்சிருச்சுங்க," என்றான் மெல்ல. "கதைன்னு நீங்க சொன்னப்போ வந்த நிம்மதி இருக்கே... முன்னப்பின்ன தெரியாத ஒருத்திக்காக அவ்வளவு நிம்மதி எதுக்குன்னு, மோட்டார் ரூம்ல உக்காந்து யோசிச்சிட்டே இருந்தேன்."

கண்ணாடியில் மழை வழிந்துகொண்டிருந்தது. அரை மணி நேரம் முடிய இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை அவள் அவனுக்குக் கொடுத்தாள்.