எதில் நிறுவ வேண்டும்?

எல்லாவற்றையும் அழித்தாயிற்று, புதியதை ஏற்றியாயிற்று என்று திரை சொன்ன பிறகும் பென்டிரைவின் சின்ன நீல விளக்கு விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. சின்னவன் அதைக் கழற்றிக் கையில் எடுத்தான். அப்போதும் எரிந்தது. கரண்ட் மிச்சம் இருக்கும் என்று தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டான். கல்லூரியில் கணினி படிப்பவன். இதைவிட மோசமான விளக்கங்களுக்கெல்லாம் மதிப்பெண் வாங்கியிருக்கிறான்.

அவனுடைய லேப்டாப் திறப்பதற்குள் ஒருவர் குளித்துத் தலை துவட்டி வந்துவிடலாம். வேறு இயங்குதளம் போட்டால் பறக்கும் என்றார்கள். அதைப் பென்டிரைவில் ஏற்றிச் செருகினால் போதும், லேப்டாப் அதிலிருந்தே கண் விழிக்கும். தன்னுடையதைத் தேடச் சோம்பல். அக்காவின் மேசை டிராயரில் கறுப்பாக ஒன்று கிடந்தது. 'இதில் உள்ளவை அனைத்தும் அழிந்துவிடும், சம்மதமா?' என்று திரை கேட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவனுக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் விபத்தில் போய்விட்ட அக்காவின் கணவர், மாமாவின் குரல், கல்யாண வீடியோ, சும்மா பேசிச் சிரித்தவை. அக்கா வேறெங்காவது ஒரு காப்பி வைத்திருப்பாள் என்று சம்மதித்திருந்தான்.

அக்கா கதவருகே வந்து நின்றாள்.

“டேய், என் டிராயர்ல இருந்த பென்டிரைவைப் பாத்தியா?”

“எது?”

“கறுப்பு. மாமாவோடது எல்லாம் அதுலதான் இருக்கு.”

“அதான் வேற எங்கயாச்சும் போட்டு வச்சிருப்பியே.”

“இல்லடா. அது ஒண்ணுதான்.”

“நான் பாக்கலக்கா. உன் ரூம்லயே நல்லாத் தேடு. கண்ணு முன்னாடி இருந்தா உனக்குத் தெரியாதே.”

அக்கா நம்பித் தேடப் போனாள். மூடிய கைக்குள் அது சுட்டது. பக்கத்து அறையில் அலமாரி திறப்பதும், பெட்டி இழுபடுவதும், மெத்தை புரட்டப்படுவதும் ஒவ்வொன்றாகக் கேட்டன.

புதிய இயங்குதளத்தில் அழிந்ததை மீட்கும் கருவி ஒன்று உண்டு என்று எங்கோ படித்திருந்தான். அவள் தேடி முடிப்பதற்குள் மீட்டுவிட்டால், யாருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. கதவைச் சாத்தினான். பென்டிரைவைச் செருகி லேப்டாப்பைத் திறந்தான்.

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மேலேறிக்கொண்டே போயின. லேப்டாப்பின் விசிறி வழக்கமான இரைச்சலை விட்டுவிட்டு, தூங்கும் ஆளின் நெஞ்சைப் போல ஏறி இறங்கி ஏறி இறங்கி மூச்சுவிட, சன்னல் திரையைத் தாண்டி வந்த மத்தியான வெளிச்சம் சுவரில் நின்ற இடத்திலேயே மங்க, ஷேவிங் சோப்பின் வாசனை அறை முழுக்க ஈரமாகப் பரவியது. அவனுக்கு இன்னும் ஒழுங்காக மீசையே முளைக்கவில்லை.

எழுத்துகள் நின்றன. 'எதில் நிறுவ வேண்டும்?'

கீழே வர வேண்டிய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் பெயர் இல்லை. ஒரே ஒரு வரி இருந்தது. 'சின்னவன். கொள்ளளவு: இருபது வருடம். நிரம்பியது: சொற்பம்.'

வேறு சமயமென்றால் சிரித்திருப்பான். அந்த வரிக்கு நேராக டிக் விழுந்திருந்தது. அவன் எதையும் தொடவில்லை. இந்த முறை சம்மதம் கேட்கப்படவும் இல்லை.

பச்சைக் கோடு நகர்ந்தது.

பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்தவனின் பெயர் போயிற்று. சைக்கிள் பழகிய தெரு போயிற்று. அம்மாவின் முகத்தைத் தேடினான். கண் இருந்தது. வாய் இல்லை. பிடுங்கிவிடு. பிடுங்கு. கை எழவில்லை.

அக்காவைக் கூப்பிட வாயைத் திறந்தான். கனமான, நிதானமான ஒரு குரல் வந்தது.

“குட்டிம்மா, இங்க கொஞ்சம் வா.”

அவன் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அக்காவை அப்படிக் கூப்பிட ஒருவர்தான் இருந்தார்.

பக்கத்து அறையில் தேடும் சத்தம் நின்றது.

அக்கா வந்தாள். திரையைப் பார்த்தாள். கறுப்புப் பென்டிரைவைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தை, வெகுநேரம். அவளுக்குப் புரிந்துவிட்டது. பிடுங்கிவிடுவாள். மிச்சமிருந்த நாக்கால் கெஞ்சினான்.

“அக்கா... அதை எடுத்துடு... நான்தான் அழிச்சேன். பொய் சொன்னேன்...”

“தெரியுதுடா.”

அவள் திரும்பிப் போய்க் கதவைத் தாழிட்டாள். நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தாள். பென்டிரைவை நோக்கி ஊர்ந்த அவன் விரல்களை மெல்லப் பிரித்தெடுத்து, தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

கோடு முக்கால் தூரம் தாண்டியிருந்தது. அவன் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, ஒரு வருடமாக அந்த வீட்டில் யாரும் கேட்டிராத குரலில் அக்கா சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம்தாங்க.”