அமாவாசையில் ஒரு தறிச் சத்தம்

புழக்கடைச் சலதாரைக்குப் போக வேண்டிய எறும்பு வரிசை, அன்று மத்தியானம் தணிகாசலத்தின் பாயைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டில் எறும்புக்கா பஞ்சம் என்று அவர் பெண்சாதி தில்லையம்மாள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

அவளுக்கு நேரம் ஏது? புருஷனின் குறட்டைக்குக் காவல் இருப்பதே முழுநேர உத்தியோகம். கழுத்தும் தோளும் ஒன்றாகிப்போன அந்த மனுஷன் விடும் குறட்டை பிள்ளையார்பாளையம் முழுக்கக் கேட்கும். தறியில் உட்கார்ந்தபடியே தலை தொங்கித் தூங்கிவிடுவார். கேலி பண்ணத் தெருவே உண்டு. குறட்டை நடுவில் அறுந்து, மூச்சும் நின்று, முகம் நாவற்பழமாய்க் கறுப்பது தில்லைக்கு மட்டும்தான் தெரியும். டாக்டரிடம் சொன்னாள். அவர் மூத்திரத்தை நீல மருந்தோடு காய்ச்சி, அது செங்கல் நிறமானதைக் காட்டி, "இது சர்க்கரைம்மா. குறட்டை விட்டா நல்லாத் தூங்குறார்னு அர்த்தம்" என்று அனுப்பிவிட்டார். 1968-ஆம் வருஷத்தில் அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவளே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். உலுக்கினால் அசையாதவர், தறியில் இழையை நெருக்கும் பலகையை இழுத்து ஓர் அடி அடித்தால் 'கொர்ர்' என்று மூச்சை வாங்கிக்கொள்வார். முப்பது வருஷம் நெய்த உடம்பு. அந்தச் சத்தத்துக்குத்தான் கட்டுப்பட்டது.

ஆனால் அமாவாசையில் தறியைத் தொடக்கூடாதே! போன அமாவாசைக்கு அவள் தொட்டுவிட, பக்கத்து வீட்டு மணியம்மாள் வாசலுக்கே வந்துவிட்டாள்.

"இன்னாடி தில்லை, இன்னிக்குக்கூட தறி ஓட்டிக்கினு கீறியே? உன் பேராசைக்குத் தெருவே அழியணுமா?"

புருஷன் மூச்சுக்காக என்றால் இன்னும் சிரிப்பார்கள். இனித் தொடமாட்டேன் என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள்.

இன்று மறுபடி அமாவாசை. படையல் பாயசம் இரண்டு டம்ளர் குடித்துவிட்டுப் படுத்தார். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. அந்த அமைதியில் குறட்டை மட்டும், ஈரக் கயிறு ராட்டினத்தில் உரசுவதுபோல், இழுத்து, இழுத்து...

நின்றது.

"என்னங்க."

உலுக்கினாள். தண்ணீர் தெளித்தாள். "எழுந்திருங்க." பலகையைப் பார்த்தாள். சுவருக்கு அப்பால் மணியம்மாளின் வளையல் சத்தம். கொஞ்சம் பார்க்கலாம். இன்னும் கொஞ்சம். முகம் கறுத்தது. உதடு கறுத்தது.

தறிக் குழியில் இறங்கிப் பலகையை இழுத்து அடித்தாள்.

டக்.

கொர்ர்.

வந்துவிட்டது! அழுதுகொண்டே அடித்தாள். டக். கொர்ர். கையை நிறுத்தினால் மூச்சும் நின்றது. அடித்தாள். வெயில் சாய்ந்தது. எட்டி அவர் காலைத் தொட்டாள்.

ஜில்லென்றிருந்தது. விரல்கள் விறைத்திருந்தன. பாதி திறந்த கண் உலர்ந்துபோயிருந்தது. எறும்பு வரிசை மூக்கு வரை போயிருந்தது. ஒவ்வொரு கொர்ருக்கும் சில உள்ளே இழுபட்டன. பிறகு வெளியே வந்து விழுந்தன.

தில்லை கையை எடுத்துவிட்டாள். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

பலகை தானே போய், தானே வந்தது.

டக்.

கொர்ர்.

"அமாவாசைடீ!" மணியம்மாள் சுவரைத் தட்டினாள். "நிறுத்தித் தொலையேன்!"

டக்.