நியோன் மீனுக்கு ஆகாத தண்ணீர்

மீன்தொட்டியின் மேல்விளிம்பில் வெள்ளையாக ஏதோ பூத்திருந்ததைப் பார்த்தபோது, சிறீதரன் அதைச் சுண்ணாம்பு என்றுதான் நினைத்தான். சுவிஸில் அவர்கள் இருந்த ஆராவ் நகரத்துக் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். கேத்திலின் அடியிலும் குளியலறைக் குழாயிலும் படிந்துகொண்டே இருக்கும், வினாகிரி விட்டுத் தேய்த்தால் போய்விடும். ஆனால் அன்று அதை நகத்தால் சுரண்டியவன், ஏனென்று தெரியாமல், விரலை நாக்கில் வைத்தான்.

உப்பு. கறிக்குப் போடுகிற உப்பல்ல. கசப்பும் பாசிநாற்றமும் கலந்த கடலுப்பு.

"ஜெயந்தி, தொட்டிக்குள்ளை உப்புப் போட்டனீரோ?"

குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் மட்டும் வந்தது. "எனக்கென்ன விசரே? நியோன் செத்துப்போமெல்லோ."

அந்தத் தொட்டி பானுஜன் விட்டுப்போனது. சிறீதரனும் அவனும் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள், ஒரே முதியோர் இல்லத்துக் குசினியில் கோப்பை கழுவியவர்கள். பானுஜனுக்கு மீன் என்றால் உயிர். எதோடு எது சேரும், எது மற்றதின் செட்டையைக் கடிக்கும், எந்த மீன் செடியைக் கிண்டாமல் இருக்கும் என்று நித்திரை வரும்வரை கதைப்பான். "ஒத்துவராததை ஒரு தண்ணிக்குள்ளை விடக்கூடாது மச்சான். நாங்கள் பார்க்காத நேரமாய்ப் பார்த்து ஒண்டு மற்றதை முடிச்சுப்போடும்" என்பான்.

ஜெயந்தி அப்போது பானுஜனுக்குப் பேசிவைத்த பெண். சிறீதரன் அவள்மேல் ஆசைப்பட்டான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, பானுஜன் தன் அகதி விண்ணப்பத்தில் சொன்னதெல்லாம் பொய் என்று, பெயர் போடாமல் குடிவரவு அலுவலகத்துக்குச் சிறீதரன் ஒரு கடிதம் எழுதி அனுப்பினான். அடுத்த வருடம் பானுஜனை இலங்கைக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவன் மறுபடி வரப் புறப்பட்டான். இத்தாலிக் கரையைக் காணுமுன் படகு கவிழ்ந்தது. உடம்பு கிடைக்கவில்லை. அழுதுகொண்டிருந்த ஜெயந்திக்கு ஆறுதல் சொல்லப் போனவன் சிறீதரன்தான்; அடுத்த தையில் தாலியும் கட்டினான். தொட்டியை எறிந்துவிடுவோம் என்று இரண்டு தரம் வாயெடுத்தான். அவள் பார்த்த பார்வையில் இரண்டு தரமும் அடங்கிப்போனான்.

இப்போது இரண்டாயிரத்து ஏழு, கார்த்திகை. ஆரே ஆற்றிலிருந்து எழும்பிய மூடுபனி ஒரு கிழமையாக நகரத்தைவிட்டு விலகவேயில்லை.

மறுநாள் இரண்டு நியோன் மேலே மிதந்தன. சிறீதரன் ஜாம் போத்தலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு மீன்கடைக்குப் போனான். கடைக்காரி அதற்குள் உப்பு அளக்கிற ஒரு கண்ணாடிக் குழாயை விட்டுப் பார்த்தாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். திரும்பவும் விட்டுப் பார்த்தாள்.

"இது கடல் தண்ணீர்" என்றாள் ஜெர்மன் மொழியில். "எங்கிருந்து கொண்டுவந்தீர்கள்?"

"வீட்டுக் குழாயிலிருந்து."

அவள் சிரிக்கவில்லை. "நியோனும் கொரிடோராவும் நல்ல கூட்டு. ஒன்று நடுவில் நீந்தும், மற்றது அடியில் மேயும், சண்டை வராது. மீன் தெரிவில் பிழையில்லை. தண்ணீரை மாற்றுங்கள்."

வீடு திரும்பியபோது மிச்ச மீனும் செத்திருந்தது. அவன் தண்ணீர் முழுவதையும் இறைத்தான். மணலை ஏழு தரம் அலசினான். செடிகளைப் புதிதாய் நட்டு, பத்து நியோனும் ஆறு கொரிடோராவும் வாங்கிவந்து விட்டான். மூன்று நாள் எல்லாம் சரியாக இருந்தது. நான்காம் நாள் காலையில் பதினாறு மீனும் இடதுபக்க மூலையில், ஒன்றின் மேல் ஒன்றாக, ஒடுங்கி நின்றன. தொட்டியின் மற்றப் பாதி வெறுமையாய்க் கிடந்தது. பெரிய மீன் ஒன்றை உள்ளே விட்டால் சின்னவை இப்படித்தான் இடம்விட்டு ஒதுங்கும். ஆனால் அங்கே எதுவும் இல்லை; செடிகள் மட்டும் எதையோ சுற்றிக்கொண்டு அசைவதுபோல், நடுவே ஓர் ஆள் அகலத்துக்கு இடம்விட்டு, இரண்டு பக்கமும் வளைந்து அசைந்தன.

அன்று அவன் குடித்த தேத்தண்ணி கரித்தது. தலையணை ஈரமாயிருந்தது. காற்றுப் பம்பின் சத்தம் கொப்புளிப்பதுபோல் கேட்டது, பிறகு மூச்சு வாங்குவதுபோல். அவன் வயரைக் கழற்றினான்.

பம்ப் நின்றது. மூச்சு நிற்கவில்லை.

"உமக்குக் கேக்குதோ?"

"ஓம்" என்றாள் ஜெயந்தி, உடுப்பு மடித்துக்கொண்டே. "கன நாளாய்க் கேக்குது."

அடுத்த நாள் வேலை முடிந்து ஐந்து மணிக்கு வந்தான். வெளியில் இருட்டிவிட்டிருந்தது. கதவைத் திறந்ததுமே பாசிநாற்றம் முகத்தில் அடித்தது. விறாந்தைக் கம்பளம் காலின் கீழ் சளக்கென்றது. விளக்கைப் போட்டான். எரியவில்லை. தொட்டியின் பச்சை வெளிச்சம் மட்டும்.

ஜெயந்தி தொட்டியின் முன் கதிரையில் இருந்தாள். மடியில் பெரிய துவாய். பக்கத்தில் ஒரு பீங்கான் தட்டு. அதில் பதினாறு மீனும், பெரிது சிறிதாய், வரிசையாக.

"இஞ்சை ஒண்டும் அவருக்கு ஒத்துவரேல்லை" என்றாள்.

"ஆருக்கு?"

"பானுஜன் எல்லாம் சொல்லிப்போட்டார்." திரும்பாமலே சொன்னாள். "கடிதத்திலை இருந்த ஒவ்வொரு வரியும்."

இல்லை என்று சொல்ல நினைத்தான். நான் எழுதவில்லை என்று. வாயைத் திறந்தான்.

சொல் வரவில்லை. தண்ணீர் வந்தது.

குளிர்ந்த தண்ணீர். உப்பு. சட்டை நனைந்தது. வாயை மூடினான். மூக்கால் வந்தது. தரையில் விழுந்தான். நெஞ்சுக்குள் அலை அடித்தது, திரும்பி அடித்தது. ஜெயந்தியின் காலைப் பிடிக்கக் கை நீட்டினான். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

தொட்டியில் நீர் இறங்கியது.

ஒரு விரற்கடை. இரண்டு. அவன் நெஞ்சு எவ்வளவு நிறைந்ததோ அவ்வளவு. இறங்குகிற நீருக்கு மேலே முதலில் கறுப்பாய் முடி தெரிந்தது. பிறகு நெற்றி. கண். நாலு விரல், வெளிறி ஊறியவை, கண்ணாடி விளிம்பை எட்டிப் பிடித்தன.

ஜெயந்தி எழும்பி, துவாயை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கவனம்" என்றாள். "வழுக்கும்."