ஏரோதுக்கு ஒரு இரங்கல் கூட்டம்

மழை இறங்குவதற்கு முன் அவித்துக் காயப்போட்ட மரச்சீனிக் கிழங்கு வாட்டலை வாரிவிட வேண்டுமென்று புஷ்பபாய் முற்றத்தில் குனிந்தாள். அந்த நேரம் பார்த்து, அந்தப் பாயின் நடுவில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. நின்றது என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தது.

“கண்ண எங்க வச்சிட்டு வாறிய?”

விழுந்தவன் எழுந்தான். சட்டைக் கையில் கறுப்புத் துணி. நெற்றியில் ஒரு வாட்டல் துண்டு, பொட்டு மாதிரி.

“மணி அடிச்சேனே...”

“எனக்குக் கேக்கல்லியே?”

“வாயாலதான் அடிச்சேன். நான் சைக்கிள் கடைக்காரனாக்கும். சொந்த சைக்கிளுக்கு மணி மாட்ட எங்க நேரம்?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததை உதட்டுக்குள்ளேயே போட்டுப் பூட்டினாள். மழை தொட்ட பலாயிலை மாதிரி மினுமினுக்கிற கண்கள் அவனுக்கு... சே, அதையெல்லாம் நாம் ஏன் பார்க்கிறோம்? வாட்டலைப் பார்த்தாள். பாதி சேற்றில் கிடந்தது. கோபம் திரும்பி வந்தது.

“உதியன்குளங்கரையில கடை. பேரு சுந்தரதாஸ். ஊரு குளத்தூர். ராஜபார்ட் அருணகிரி செத்துப்போனாரு, தெரியுமா?”

அவள் கை நின்றுவிட்டது. அருணகிரி! நாடக மேடையில் ராஜா வேஷம் கட்டினால் நிஜ ராஜாக்கள் எழுந்து நின்றார்கள் என்பார்கள். தமிழில் பாடி மலையாளத்தில் அழவைத்தவர். பாறசாலைப் பக்கம் அவர் ஒரு நாளும் வந்ததில்லை. அதனால் எல்லாருக்கும் அவரை நன்றாகத் தெரியும்.

சேதி காலைப் பஸ்ஸில் வந்தது. உடனே கடைகளை அடைத்தார்கள். அந்த வருஷங்களில் கடை அடைப்பதில் ஊருக்கு நல்ல பழக்கம். இந்தத் தாலுகா திருவிதாங்கூரை விட்டு மதராசோடு சேர வேண்டுமென்று ஒரு நாள் அடைப்பு, சேரக் கூடாதென்று மறுநாள் அடைப்பு. அன்றைய அடைப்பு எதற்கென்று பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாமலே நேர்த்தியாக அடைத்தார்கள்.

“சாயங்காலம் இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். கும்பிட ஒரு படம் வேணும். ஒங்க வீட்டுல அருணகிரி படம் உண்டுண்ணு கேள்வி. கிரீடமும் தாடியும் வச்சது...”

புஷ்பபாய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்தப் படமா! அது அவளுடைய அப்பா கனகதாஸ். பள்ளித்தெரு கோயில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷந்தோறும், குழந்தை ஏசுவைக் கொல்லத் தேடின ஏரோது ராஜா அவர்தான். நாகர்கோவில் நாடகக் கம்பெனியில் உடுப்பு வாடகைக்கு எடுத்து, நெய்யாற்றின்கரை ஸ்டூடியோவில் போய் நின்று எடுத்த படம்.

“அது...” என்று தொடங்கினாள்.

“சட்டுண்ணு எடுத்துத் தாங்க. ஊரே காத்து நிக்குது. ஆமா, வாட்டல இப்படியா நடுமுற்றத்துல போடுவாவ? ஆளு விழுந்து சாவாதா?”

ஓகோ... விழுந்தவனுக்கு வாய் வேறயா? உள்ளே போனாள். ஏரோதை ஆணியிலிருந்து கழற்றி, முந்தானையால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். “பத்திரமா கொண்டு போங்க. பெரிய மனுசனாக்கும்.”

இவன் தினமும் அப்பாவின் சாயக்கடையில்தான் சாயா குடிப்பான், உதியன்குளங்கரையில் வேறு சாயக்கடை ஏது? முக்குத் திரும்புவதற்குள் முகத்தைக் கண்டுபிடித்துவிடுவான். அசடு வழிந்துகொண்டு திரும்பி வருவான். அப்போது சிரித்துக்கொள்ளலாம்.

மழை கொட்டியது. அன்றைய மழையில் தவளைகளே வீட்டு இறவாரத்தில் ஒதுங்கி நின்றன என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் படத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தான்... படியிறங்கி இன்னொரு தரம்...

அவள் காத்திருந்தாள். கஞ்சி ஆறியது. மழை விட்டது. அவன் வரவில்லை.

தெய்வமே... அப்படியே கொண்டுபோய் வைத்துவிட்டானா? விளையாட்டாகச் செய்தது வினையாகிவிட்டதே! ஊர் கண்டுபிடித்தால் அவனைக் கூவியே கொன்றுவிடும். கடை வைத்துப் பிழைக்க முடியாது. கறுப்புத் துணி கட்டிய அந்தக் கையும், அந்தக் கண்ணும்... அவன் தலை குனிந்து நிற்பதை நினைத்ததும் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. குடையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

உதியன்குளங்கரை முக்கில் எள் போட்டால் எண்ணெயாகும் கூட்டம். பெஞ்சின் மேல் ஏரோது. கழுத்தில் அரளி மாலை. முன்னால் ஊதுபத்தி. ஊரே அழுதுகொண்டிருந்தது.

“எந்தொரு ஐஸ்வர்யமாணு ஆ முகத்தில்!” என்று மலையாளத்தில் விம்மினார் வெற்றிலைக் கடை சோமன். அருணகிரி தன் கடையில் வெற்றிலை போட்டுத் துப்பிய இடத்தில்தான் அந்தச் செம்பருத்தி முளைத்தது என்றும் சொன்னார். பக்கத்து வீட்டு சரோஜத்துக்கு அழுகை அடங்கவில்லை. பலாக்கொம்பு வேலி தாண்டியதற்காக கனகதாஸோடு பேச்சை முறித்துக்கொண்டவள் அவள். இப்போது அவர் படத்தின் முன்னால் மாரில் அடித்துக்கொண்டாள். “இப்படி ஒரு தங்கம் இனி பிறக்குமா... நான் நேருல கண்டிட்டுண்டு மக்களே, இதே கண்ணு, இதே பார்வை!”

அதில் மட்டும் பொய் இல்லை.

புஷ்பபாய் சுந்தரதாஸை ஒதுக்கமாக இழுத்தாள். “கேட்டியளா... அது எங்க அப்பா.”

“எது?”

“மாலை போட்டு வச்சிருக்கியளே, அது!”

“அருணகிரி ஒங்க அப்பாவா?” அவன் குரல் மரியாதையில் தழைந்தது.

“அய்யோ... அது ஏரோது! கிறிஸ்துமஸ் நாடகம்! தாடிய எடுத்துட்டுப் பாருங்க.”

அவன் பார்த்தான். படத்தை அன்றைக்கு அப்போதுதான் முதல் தடவை பார்க்கிறவன் மாதிரிப் பார்த்தான். முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

அந்த நேரம் தெற்கேயிருந்து ஒரு சத்தம். “அருணகிரி திருவிதாங்கூர்க்காரனாக்கும்! மதராசுக்காரனுக்கு அவன் சவத்துல என்ன பங்கு?” மீசையை முறுக்கிக்கொண்டு, ‘சேரக் கூடாது’ கட்சி ஆள்பட்டாளத்தோடு வந்தவர் கனகதாஸ்தான்.

புஷ்பபாய் அவனை விட்டு விலகி நின்றாள். அப்பாவின் சங்கல்பம் ஊருக்கே தெரியும். எல்லைக்கோடு எங்கே விழும் என்று தெரியாமல் பெண்ணைக் கட்டிக்கொடுக்க மாட்டார். ‘காலையில குளத்தூருல கொடுத்தா, சாயங்காலம் அவ மதராசுல இருப்பா’ என்று சொல்லியே வந்த சம்பந்தங்களையெல்லாம் திருப்பி அனுப்பியவர். அதிலும் எதிர்க்கட்சிக் கூட்டத்தில் நிற்கிற குளத்தூர்க்காரன் என்றால்...

கனகதாஸ் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தார். படத்தைப் பார்த்தார். வாய் திறந்தபடி நின்றது.

மாலை போட்ட தன் முகம். அதன் முன்னால் ஊர். தன்னோடு பேசாத சரோஜம் தனக்காக மாரடிக்கிறாள்... மீசை மெல்லக் கீழே இறங்கியது. தோளில் கிடந்த துவர்த்தை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சுந்தரதாஸைப் பார்த்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: “எலே, இந்தப் படம் ஒனக்கு ஆரு தந்தா?”

புஷ்பபாய் வாயைத் திறந்தாள். அவன் முந்திக்கொண்டான்.

“ஆரும் தரல்ல மாமா. நானாக்கும் எடுத்தேன். வீட்டுல ஆளில்லாத நேரம், சன்னல் வழியா.”

“எங்க வீட்டு சன்னலுக்குக் கம்பி உண்டே?”

“கம்பி வழியாத்தான்...”

“படம் கம்பி இடைவெளிய விடப் பெரிசாச்சே?”

அவன் யோசித்தான். “சரிச்சுப் பிடிச்சு எடுத்தேன் மாமா.”

கனகதாஸ் அவனைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். ஊர் நடுவில் திருடன் பட்டம் ஏற்றுக்கொண்டு தன் மகளைக் காப்பாற்ற ஒருத்தன்... அவர் பெஞ்சில் ஏறினார். கூட்டம் சண்டைக்குத் தயாரானது.

“மக்களே! இந்தப் படத்துல இருக்குதவன எனக்கு ரெம்ப அடுத்துத் தெரியும்,” என்றார். “கொஞ்சம் முன்கோபம் உண்டு. இல்லேண்ணு சொல்லல்ல. ஆனா மனசு பஞ்சாக்கும். பலாக்கொம்பு விசயத்துலயும் அவன் பேருல தெற்றும் தப்பும் இல்ல.”

“சத்தியம்! சத்தியம்!” என்று சரோஜம் அழுதாள்.

“அவன் தமிழனா, மலையாளியாண்ணு சண்டை வேண்டாம். ரெண்டு பேரும் அழுதிய. அவனுக்கு அது போரும்.”

இரண்டு கூட்டமும் சேர்ந்து தேம்பியது. அந்த வருஷம் இரண்டும் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

படத்தை வாசகசாலையில் வைக்க வேண்டுமென்று ஊர் கேட்டது. கனகதாஸ் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார். வாசகசாலைப் பக்கம் போகாதவர், அதன்பின் தினமும் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வந்தார். சுந்தரதாஸ் சேறான வாட்டலுக்கு ஈடாக மரச்சீனி கொண்டுவந்தான். அடுத்த வாரமும் கொண்டுவந்தான். ஈடு தீரவே இல்லை. வாசலில் அவன் சைக்கிள் மணி கேட்கும்போதெல்லாம் உள்ளே ஒருத்தி கண்ணாடியைத் தேடுவாள்... ஆமாம், மணி வாங்கி மாட்டிவிட்டான்.

கிறிஸ்துமஸ் வந்தது. நாடகத்தன்று பொழுது சாய, கோயில் முற்றத்தில் ஏரோது மேடையேறியதும் ஊர் வியந்தது. “கனகதாசுக்கு நம்ம அருணகிரியோட அதே சாயல்! என்ன, அவரளவுக்குக் களை இல்ல,” என்றாள் சரோஜம்.

மேடை ஏறுவதற்குச் சற்று முன்னால், தாடியை ஒட்டிக்கொண்டே கனகதாஸ் சொல்லியிருந்தார்: “எலே சுந்தரதாசே, எல்லை எங்க வேணுமானாலும் விழட்டு. நீ ஒங்க அம்மையக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வா. வாசல் வழியா வா மக்கா, சன்னல் வழியா வேண்டாம்.”

இப்போது மேடைக்குப் பின்னால் அவன் பெட்ரோமாக்ஸுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் மெல்ல ஏறி, பக்கத்தில் நின்றவள் முகத்தில் விழுந்தது. வெளியே இளந்தூறல்...

“ஒண்ணு கேக்கட்டா?” என்றாள் புஷ்பபாய். “தினமும் எங்க அப்பா கையால சாயா வாங்கிக் குடிக்கிய. படத்துல தாடி வச்சா ஆளு தெரியாம போவுமா? அண்ணைக்குக் கண்ண எங்கதான் வச்சிருந்திய?”

அவன் காற்றடிப்பதை நிறுத்தினான்.

“ஒன் மொகத்துல,” என்றான். “படத்த நான் எங்க பாத்தேன்?”