எதிர்நிறைமானி

திரையில் பட்டியல் மாறியதும் இன்பராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். அவருடைய அணியின் மாரித்துரை இரண்டாமிடத்துக்கு இறங்கியிருந்தான். முதலிடத்தில் கரிசல்குளம் கல்லூரியின் கோகுல்நாத்.

இந்தக் கபடிப் பருவத்தில் மாரித்துரை எடுத்தது இருநூற்றுப் பதினான்கு புள்ளி. கோகுல்நாத் நூற்று முப்பத்தொன்று. பழைய காலமாக இருந்தால் பேச்சே இல்லை. எதிர்நிறைமானி வந்த பிறகு வெறும் புள்ளியை யார் மதிக்கிறார்கள்? நோஞ்சான் அணியிடம் எடுத்த பத்தை அது மூன்றாகச் சுருக்கிவிடும். கெட்டியான பிடிக்காரர்களிடம் எடுத்த ஒன்றை இரண்டாக்கும். அப்படிக் கிடைக்கும் தூய புள்ளியை ரைடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவதுதான் ஆட்டக்காரனின் தரம். பரீட்சை மதிப்பெண்ணைத் திருத்தியவரின் கண்டிப்பை வைத்தும், ஓட்டல் தோசையைச் சாப்பிட்டவரின் நாக்கை வைத்தும் எடை போடுகிற காலத்தில் கபடி மட்டும் தப்புமா?

பல்கலைக்கழக அணியில் மிச்சமிருந்தது ஒரே ஒரு ரைடர் இடம். அதில் நுழைந்தவனுக்கு அரசு வேலை நிச்சயம். மாரித்துரைக்கு இது கல்லூரியில் கடைசி வருடம். பட்டியல் நாளை மாலை மூடப்படும்.

தேரிக்காட்டுக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநரான இன்பராஜுக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. டாஸ் போடும் நாணயத்தையே திருப்பித் திருப்பிப் பார்க்கிற ஆள். அன்று பகல் முழுக்கக் கரிசல்குளத்தின் ஆட்டப் பதிவுகளை ஓடவிட்டார். பதினோராவது ஆட்டத்தில் விஷயம் அகப்பட்டது. கோகுல்நாத் ஓரத்துப் பிடிக்காரனைத் தொட்டுப் புள்ளியோடு திரும்புகிறான். அடுத்து அவன் அணியிலிருந்து போகிறவர்கள் எல்லாரும் அதே பிடிக்காரனிடம் காலை நீட்டிக்கொண்டுபோய் மாட்டுகிறார்கள். பிடித்தவனின் மதிப்பு ஏறுகிறது. கூடவே, அவனிடம் கோகுல்நாத் எடுத்த புள்ளியின் எடையும் ஏறுகிறது.

மறுநாள் காலையில் இன்பராஜ் மானியின் பொறுப்பாளர் நசீமாவின் எதிரே உட்கார்ந்திருந்தார். மானியில் யாரும் கைவைக்க முடியாது என்று அவள் சொன்னதை அவர் நம்பவில்லை. கரிசல்குளத்தில் சொந்தக்காரர்கள் உண்டா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, ஆடுகள விரிப்பு ஒவ்வொரு பாதத்தின் அழுத்தத்தையும் பதிந்துவைப்பதை விளக்கினாள். பிடிபட்டவன் நடுக்கோட்டை நோக்கித் திமிறினானா, சும்மா விழுந்தானா என்று அதிலிருந்து தெரிந்துவிடும். சும்மா விழுந்த ரைடுகளை ஆடாதவையாக நீக்கி, புதுப் பட்டியல் போடலாம். ஆனால் எழுத்தில் புகார் வேண்டும்.

இன்பராஜ் அங்கேயே எழுத ஆரம்பித்தார்.

"தேடச் சொன்னா எல்லா டீமையும்தான் தேடும் சார். யோசிச்சிக்கோங்க," என்றாள் நசீமா.

"எங்க பிள்ளைகளுக்கு விழவே தெரியாதும்மா. நீங்க தேடச் சொல்லுங்க."

மானிக்கு நாற்பது நிமிடம் பிடித்தது. கரிசல்குளத்தில் வேண்டுமென்றே விழுந்த ரைடு பத்தொன்பது. கோகுல்நாத் ஆறாமிடத்துக்குச் சரிந்தான். இன்பராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வரி தேரிக்காடு: நாற்பத்தேழு. மாரித்துரை ஒன்பதாமிடம்.

முதலிடத்தில் செல்வின் என்றிருந்தது. அவருடைய அணியின் இரண்டாவது ரைடர்தான். அந்த நாற்பத்தேழில் முப்பத்தெட்டு அவன் விழுந்தது. அவற்றை நீக்கியதும் அவன் பேரில் பன்னிரண்டு ரைடுகளே மிஞ்சின, பன்னிரண்டிலும் புள்ளி. பத்து ரைடு இருந்தால் போதும் என்பது விதி.

இன்பராஜ் செல்வினைப் போனில் பிடித்தார். பொங்கலுக்குப் பிறகு அணிப் பிள்ளைகள் தாங்களாகவே கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்ததாம்.

"மாரி அண்ணனுக்காகத்தான் விழுந்தோம் சார். உங்ககிட்ட சொன்னா விடமாட்டீய."

மாரித்துரைக்கு இது தெரியுமா என்று கேட்டார். செல்வின் போனை வைத்துவிட்டான்.

புகாரைத் திரும்பப் பெற முடியுமா என்று நசீமாவிடம் கேட்டார். முடியாது, இனி எல்லாப் பருவத்துக்கும் இந்தக் கணக்குதான் என்றாள். மாலையில் பட்டியல் மூடப்பட்டது. பல்கலைக்கழக அணிக்குப் போகச் செல்வின் பெட்டியைக் கட்டினான்.

மாரித்துரை அதே கல்லூரியில் முதுகலையில் சேர்ந்து இன்னும் இரண்டு வருடம் வாங்கிக்கொண்டான். ஜூலையில் பயிற்சி தொடங்கிய முதல் நாளே ரைடுக்குப் போனான். ஓரத்தில் நின்றவன் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். நடுக்கோடு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. போன வருடம் மூன்று பேரை முதுகில் சுமந்துகொண்டு கோட்டைத் தொட்ட மாரித்துரை, இப்போது பாயில் படுப்பவன் போல மெதுவாகச் சாய்ந்தான். பிடித்தவனே திகைத்துப்போய்க் கையை எடுத்தான்.

இன்பராஜ் ஊதலை வாயிலிருந்து எடுத்துவிட்டு உள்ளே நடந்தார்.

"கோடு கைக்கெட்டுன தூரத்துல கெடக்கு. ஏம்ல இழுக்கல?"

மாரித்துரை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். பின்னால் வரிசையில் நின்ற ஐந்து பேரும் சார் என்ன சொல்லப் போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இழுத்துத் தோத்தா கணக்குல ஏறிரும் சார். சும்மா விழுந்தா ஏறாது."