தொட்டிக்கு எட்டாத ஹோஸ்

வாய் கொப்பளிக்க அள்ளிய தண்ணீர் நாக்கில் பட்டதுமே ஸக்கரியா துப்பிவிட்டான். என்ஜின் ஒயில் ருசி. புது ஒயில் அல்ல. ஓடி ஓடிக் கறுத்து, சூட்டில் கருகிய ஒயில்.

அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. மழைக்கு முன்பே கரண்ட் போய்விட்டதால் பலாபத்வலைக் கடைத்தெருவும் இருண்டு கிடந்தது; பெருந்தெருவில் போகும் பஸ்களின் இரைச்சல்கூட ஈரத்தில் அமுங்கியே வந்தது. கிணற்று மோட்டரிலிருந்து கிராம்பு மரத்தடி வழியாக வந்த பச்சை ஹோஸ், தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூத் தொட்டிக்குள் தலையை நுழைத்துக் கிடந்தது.

விளக்கோடு குசினி வாசலுக்கு வந்த நஸ்மியா ஒரு கோப்பை அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

“நல்ல தண்ணிதானே. ஒங்கட கைய மணந்து பாருங்க. பொண்டாட்டியக் கட்டினீங்களா, கறாஜக் கட்டினீங்களான்னு எனக்கே வெளங்கல்ல.”

சிரித்துக்கொண்டே தொழ உள்ளே போனாள். அறை வாசலின் திரைச்சீலை அவளுக்குப் பின்னால் விழுந்து ஆடி நின்றது.

வேறொரு நாளென்றால், வீட்டோடு சேர்ந்த கறாஜில் வண்டி திருத்தும் ஸக்கரியாவும் சிரித்திருப்பான். ஆனால் பல்லேபொலையிலிருந்து திரும்பியதும் தோல் எரிய எரிய சோப்புப் போட்டுக் கழுவிய கைகள் அவை.

பல்லேபொலையில் நப்லானின் மனைவி ஸரீனா, அவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தாள். புருஷன் மௌத்தான பெண் வெளி ஆண்களின் முன்னால் வரமாட்டாள் என்பதால், ஆள் அனுப்பி அவனை வரவழைத்து, ஹோலில் உட்கார வைத்து, திரைக்குப் பின்னால் நின்று பேசினாள். அவள் மூச்சு விட்டபோதெல்லாம் துணி லேசாக அசைந்தது. அவள் அழவில்லை. த்ரீவீலுக்குள் பெற்றோல் கேன் வைத்துக்கொண்டு சிகரெட் பற்றவைத்துத் தன் மௌத்தைத் தானே தேடிக்கொண்டான் நப்லான் என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிள்ளையிடமே சொல்லிவிட்டார்கள் என்றாள். பிள்ளை பிறந்த அன்றே அவன் சிகரெட்டை விட்டவன்.

“வண்டிய செஞ்சது நீங்க. ஒங்கட வேலையில கொற ஒன்னும் இருந்திச்சா நானா? எனக்கு யாரு மேலயும் கோவமில்ல. அவர்ட பேரு சுத்தமாகணும். அவ்வளவுதான்.”

“வல்லாஹி, நல்ல ஹோஸ்தான் போட்டேன் தங்கச்சி,” என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டான்.

திரை அசையவில்லை. “அப்ப சரி நானா,” என்றாள். அவள் ஹோஸைப் பற்றிக் கேட்கவே இல்லை என்பது அவனுக்குத் தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

மிளகு மூட்டைகளோடு மேடு ஏற வேண்டும் என்று நப்லான் கேட்டதால், த்ரீவீலின் சின்ன என்ஜினைக் கழற்றிவிட்டுப் பெரிய மோட்டார் சைக்கிள் என்ஜினைப் பூட்டியவன் ஸக்கரியாதான். பெரிய என்ஜின் தன் வயிற்றிலிருந்து ஒயில் ஆவியைப் பலமாக ஊதித் தள்ளும். அதை வெளியே கொண்டு போகும் மூச்சு ஹோஸ் ஒயிலில் இளகாத தடித்த கறுப்பு றப்பராக இருக்க வேண்டும். எங்கும் தொய்யாமல் மேலே ஏற வேண்டும். சைலன்சர் பக்கமே போகக் கூடாது. மாத்தளைக்குப் போனால் வாங்கலாம். ஆனால் அன்று ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய நாள். அறஃபா நோன்பு, வெயில், நாக்கு வறட்சி. பெருநாளன்று மகனை வண்டியில் கூட்டிப் போகவேண்டுமென்று நப்லான் வாசலிலேயே நின்றான். கொல்லையில் கிடந்த வுழூ ஹோஸில் ஒரு கை நீளத்தை ஸக்கரியா வெட்டிப் பூட்டினான். நீளம் போதாமல் சைலன்சருக்கு மேலால் இழுத்துக் கம்பியால் கட்டினான். பெருநாள் முடிய மாற்றலாம் என்றான். பெருநாள் முடிந்தது. மாற்றவில்லை.

ஒயிலில் ஊறிய பச்சை ஹோஸ் இளகி, தொய்ந்து, உட்புறம் ஒட்டி அடைத்துக்கொண்டது. வெளியேற வழியில்லாத ஆவி என்ஜினை அடைத்திருந்த றப்பர் சீலைப் பிய்த்து, ஒயிலைக் கொதிக்கும் சைலன்சரில் பீய்ச்சியது. மேட்டுப் பாதையில் வண்டியோடு நப்லான் எரிந்தான்.

எரிந்த கூடு இவன் கறாஜுக்குத்தான் இழுத்து வரப்பட்டது. விபத்தை ஆராயும் பரிசோதகர் வரும் முன், உருகி ஒட்டிய பச்சையைக் கத்தியால் சுரண்டிவிட்டு, நல்ல கறுப்பு ஹோஸைப் பூட்டிக் கரி பூசினான். பிறகு குளித்துவிட்டுப் போய் நப்லானின் ஜனாஸாவைத் தூக்கத் தோள் கொடுத்தான்.

இப்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றவன், ஹோஸின் நீளத்தைக் கண்ணால் அளந்தான்.

அந்த ஹோஸ் தொட்டிக்கு எட்டாது.

வெட்டிய நாளிலிருந்து அது குட்டை. மீதித் தூரத்துக்கு வாளியில் அள்ளி ஊற்ற வேண்டியிருக்கிறது என்று நஸ்மியா தினமும் முணுமுணுக்கிறாள்.

தண்ணீருக்குள் அதன் வாயிலிருந்து குமிழிகள் வந்தன. நின்றன. மீண்டும் வந்தன. கரண்ட் இல்லை. மோட்டர் ஓடவில்லை. குனிந்து தொட்டான். ஹோஸ் சூடாக, காய்ச்சல்காரனின் கழுத்தைப் போல மெத்தென்று இருந்தது. அவன் விரல்களுக்கு நடுவில் அது மெல்லப் பருத்து, மெல்ல வற்றியது.

மறுமுனையைத் தேடிப் போனான். கிராம்பு மரத்தடியில் அது கிணற்றுப் பக்கம் திரும்பாமல் கறாஜுக்குள் போனது. உள்ளே கரியும் கருகிய றப்பரும் மணத்தன. எரிந்த கூட்டை மூடிய தார்ப்பாய் எழும்பித் தாழ்ந்துகொண்டிருந்தது. போனை வெளிச்சமாக்கித் தார்ப்பாயைத் தூக்கினான். அவன் பூட்டிய கறுப்பு ஹோஸ் மேசையில் நேர்த்தியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அதன் இடத்தில் பச்சை. எங்கும் தொய்யாமல் ஏறி, சைலன்சரை விலகி, கிளிப் போட்டு இறுக்கி. அன்று அவன் செய்திருக்க வேண்டிய மாதிரியே.

புஸ். பிறகு இழுப்பு. புஸ்.

ஓடி வந்தான். தொட்டியில் ஹோஸ் இல்லை. ஒயில் பளபளக்கும் ஈரத்தடம் ஒன்று குசினிப் படியேறி, ஹோலைக் கடந்து, அறைத் திரைக்கு அடியில் நுழைந்திருந்தது. தடத்தின் மேல் பச்சை ஹோஸ்.

நஸ்மியா ஓதும் சத்தம் இல்லை.

“நானா.”

நஸ்மியாவின் குரல்தான். ஆனால் அவள் அவனை ஒரு நாளும் அண்ணனைக் கூப்பிடுவதுபோல் நானா என்று கூப்பிட்டதில்லை.

“ஒங்கட வேலையில கொற ஒன்னும் இருந்திச்சா நானா?”

திரை வெளியே உப்பியது. உள்ளே போனது. காலடியில் ஹோஸும் அப்படியே. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தான். சொன்னால் போதும். அது அவனுக்குத் தெரிந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் திரும்பிப் பார்க்கும் முகங்கள். பொலிஸ். பூட்டிய கறாஜ்.

“வல்லாஹி, நல்ல ஹோஸ்தான்,” என்றது அவன் வாய்.

ஹோஸ் இளகியது.

தொய்ந்தது. தட்டையானது. உள்ளே ஒட்டிக்கொண்டது.

திரை சடாரென்று உள்ளே இழுபட்டு ஒரு முகத்தின் மேல் படிந்தது. மூக்கு. கண்குழிகள். திறந்த வாய். அந்தப் பக்கம் நஸ்மியாவின் வளையல்கள் சுவரில் அடித்தன. ஸக்கரியா பாய்ந்து திரையைப் பிடித்தான். துணி அவன் விரல்களில் சூடாக இளகி ஒட்டியது. பச்சையாக.

வளையல் சத்தம் நின்றது.

திறந்த வாயின் மேல் குழிந்த திரை, திரும்ப வெளியே வரவில்லை.