சாரல் கழுவாத பீங்கான்

காலை 6.40. மேலகரத்தை அடுத்த தனியார் கல் கிரஷரின் மின் யார்டில், அங்கே வேலை பார்த்த ஜெனோ செத்துக் கிடந்தான். இருபத்தாறு வயது. வலது உள்ளங்கை கருகியிருந்தது. அருகே நின்ற இரும்புத் தாங்கியின் உச்சியில் பீங்கான் இன்சுலேட்டர். முப்பத்துமூவாயிரம் வோல்ட் கம்பிக்கும் இரும்புக்கும் நடுவே அது ஒன்றுதான் காப்பு.

8.15. யார் தலையில் கட்டுவது என்று அதற்குள் முடிவாகிவிட்டது. ஷிப்டு ஆபரேட்டர் சுடலைக்கண்ணுவின் முழங்கையை எஸ்.ஐ. கௌரிசங்கர் பிடித்திருந்தார். ஜீப்பில் ஏற்றுவதுதான் பாக்கி.

"லைனை நிறுத்தாம பயல மேல ஏத்தி விட்டுட்டான் மேடம்," என்றார் பராமரிப்பு மேற்பார்வையாளர் கணேசமூர்த்தி.

மின் ஆய்வாளர் நிர்மலாதேவி நேராக கன்ட்ரோல் ரூமுக்குள் போனார். ஒரு போன் பேசினார், பராமரிப்பு ரிஜிஸ்தரைப் புரட்டினார், மீட்டரில் பழைய பதிவுகளைத் தட்டிப் பார்த்தார், வெளியே வந்தார்.

"அவன் ஏறவே இல்ல தாயி!" சுடலைக்கண்ணு கதறினார். "சாரல்ல கால் வழுக்குச்சு. அந்த இரும்பைப் பிடிச்சான். மேல பளீர்னு ஒரு வெட்டு. அவ்வளவுதான்."

"ஏறுத பெல்ட் உள்ள ஆணியில தொங்குது," என்றார் நிர்மலாதேவி. "கணேசமூர்த்தி, பீங்கானைக் கடைசியா எப்பக் கழுவினீங்க?"

"பன்னெண்டாம் தேதி. பத்துல இருந்து பன்னெண்டு மணி வரைக்கும் லைனை நிறுத்தித் தொடச்சோம். ரிஜிஸ்தர்ல இருக்கு. அதுக்கு மேல நாலு நாளா சாரல் வேற. பளபளன்னு இருக்கு, பாருங்க."

நிர்மலாதேவி தாங்கியின் அடியில் போய் அண்ணாந்து பார்த்தார். பீங்கானின் வெளிப்பக்கம் பளபளப்புதான். ஒவ்வொரு மடிப்பின் அடிப்பக்கமும் கல்தூள் மாவுபோல அப்பி ஈரத்தில் ஊறியிருந்தது. உச்சியிலிருந்து இரும்பு வரை ஒரு கரிக்கோடு.

"பெருமழை கழுவும். சாரல் நனைக்க மட்டும்தான் செய்யும். நனைஞ்ச தூசி வழியா கரண்ட் பீங்கான் மேலயே ஓடி, தாங்கிக்குத் தாவியிருக்கு. தாவின கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோற எர்த் கம்பியும் துருப்பிடிச்சு அத்துப் போயிருக்கு. அந்த நேரம் பார்த்து ஜெனோ கை வச்சுட்டான்."

"கழுவினோம் மேடம்."

"பன்னெண்டாம் தேதி அந்த ரெண்டு மணி நேரமும் கிரஷர் ஓடியிருக்கு. மீட்டர் அரை மணிக்கொரு தரம் தானா பதிஞ்சு வச்சிருக்கு. நின்ன லைன்ல கிரஷர் எப்படி ஓடுச்சு?"

"மீட்டர் கோளாறா இருக்கும்."

"சரி. பக்கத்துத் தாங்கியும் அன்னைக்குக் கழுவினதுதான? அதைப் பிடிச்சு நில்லுங்க."

சாரல் மறுபடி விழுந்தது. கணேசமூர்த்தி இரண்டடி பின்வாங்கினார்.

"வேண்டாம் மேடம். அடிச்சிரும்."

"அடிக்காது. நான் வந்ததுமே போன் பண்ணி லைனை நிறுத்தச் சொல்லிட்டேன். கழுவாம பொய்க் கையெழுத்துப் போட்டது நீங்கதான்."

கணேசமூர்த்தி ஒப்புக்கொண்டார். "கிரஷரை நிறுத்தினா முதலாளி சத்தம் போடுவாரு. வருசா வருசம் சாரலே கழுவிரும்னு விட்டுட்டேன்."

எஸ்.ஐ. சுடலைக்கண்ணுவின் கையை விட்டார். விடுபட்ட சுடலைக்கண்ணுவுக்குத் துளி சந்தோஷமில்லை. கணேசமூர்த்திக்கு முன்னால் போய் நின்றார்.

"தொட்டா அடிக்கும்னு ஒமக்குத் தெரிஞ்சிருக்கு அண்ணாச்சி. அந்தப் பயகிட்ட ஒரு வார்த்த சொல்லலியே."